வயசுக்கு வந்து எட்டு மாசம்தான் ஆகுது, இப்பவே கேன்சர் ஊசி எதுக்கு?

அம்மாபேட்டையில தறி வெச்சிருக்கற குடும்பத்து அம்மா ஒருத்தங்க கேட்டிருக்கறது சுருக்கமா இதாங்க. பொண்ணுக்கு 12 வயசு முடிஞ்சிருக்கு, வயசுக்கு வந்து எட்டு மாசம் ஆகுது, ஸ்கூல்ல கர்ப்பப்பை வாய் கேன்சர தடுக்கற ஹெச்பிவி ஊசின்னு ஒரு பேப்பர் குடுத்து கையெழுத்து கேட்டிருக்காங்க. மாமியார் "அத போட்டா தூரம் நின்னுபோயிரும், நாளைக்கு கொழந்த தங்காது"ன்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. கூடவே இன்னொண்ணு, பொண்ணு குள்ளமா இருக்காளேன்னு ஒரு லேப்ல ரத்தம் குடுத்ததுல ஹெச் பைலோரி பாசிட்டிவ்னு வந்திருக்கு, அது வயித்து கேன்சர் கிருமின்னு யாரோ கெளப்பி விட்டுட்டாங்க, அதனாலதான் வளரலையா, மருந்து குடுக்கணுமான்னு கேக்கறாங்க. ஒசரம் 146 செ.மீ., அம்மா 150, அப்பா 162ன்னு அதையும் எழுதியிருக்காங்க, நல்ல வேலை பண்ணாங்க, கீழ அது உதவும்.

நான் சேலத்துல பேத்தாலஜி பாக்கறவ, ஊசி போடற டாக்டர் இல்ல, ஊசி போடாம விட்டா இருவது முப்பது வருசம் கழிச்சு என்ன ஆகுதுன்னு கண்ணாடி ஸ்லைடுல பாக்கற டாக்டர். அதனால கொஞ்சம் நீளமாத்தான் சொல்லுவேன், பொறுத்துக்கங்க.

மொதல்ல கேன்சர் எங்கயாச்சும் கிருமியால வருமான்னு ஒரு சந்தேகம் நம்ம ஊர்ல நெறைய பேருக்கு இருக்கு. வரும். 2018 கணக்குப்படி ஒலகத்துல ஒரே வருசத்துல புதுசா வந்த கேன்சர்ல சுமார் 22 லட்சம், அதாவது நூத்துக்கு 13, ஏதோ ஒரு தொற்றால வந்தது. அதுல பெரும் பங்கு நாலு பேருக்கு. வயித்துல ஹெச் பைலோரி, கர்ப்பப்பை வாயில ஹெச்பிவிங்கற வைரஸ், ஈரல்ல ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. உங்க பொண்ணுக்கு ஏற்கெனவே ஒரு கேன்சர் தடுப்பூசி போட்டாச்சு. 2011 டிசம்பர்ல தமிழ்நாடும் கேரளாவும்தான் நாட்டுலயே மொதல்ல பென்டாவேலன்ட் ஊசிய கொண்டு வந்துச்சு, அஞ்சு நோய்க்கு ஒரே ஊசி, அதுல ஒண்ணு ஹெபடைடிஸ் பி. பொண்ணு அதுக்கப்பறம்தான் பொறந்திருக்கா, கைக்கொழந்தையா இருந்தப்ப ஒன்ற மாசம், ரெண்டர மாசம், மூணர மாசம்னு தொடையில போட்டிருப்பாங்க, நர்ஸம்மா அட்டையில டிக் அடிச்சிருப்பாங்க. தைவான்ல 1984லயே கொழந்தைங்களுக்கு இந்த ஹெபடைடிஸ் பி ஊசிய ஆரம்பிச்சாங்க, பத்து பன்னெண்டு வருசத்துல 6லருந்து 14 வயசு பசங்களுக்கு வர்ற ஈரல் கேன்சர் ஏறக்குறைய பாதியா கொறஞ்சிருச்சு. அந்த ஊசிக்கு உங்க மாமியார் ஒரு வார்த்த சொல்லியிருக்க மாட்டாங்க, ஏன்னா அத யாரும் கேன்சர் ஊசின்னு சொல்லல, கல்யாணம் கொழந்தைங்கற பேச்சோட சேத்தும் வெக்கல. ஹெச்பிவி ஊசிக்கு வந்த வினையே அதுதான்.

சரி, ஏன் இந்த வயசுல? "இன்னும் கொழந்தைங்க அவ, இப்ப எதுக்கு இதெல்லாம்"னு கேக்கறாங்க பாருங்க, அதுக்கு பதில் ஒழுக்கத்துல இல்ல, உடம்புல இருக்கு. கர்ப்பப்பையோட வாய்ப்பகுதியில ரெண்டு வகை தோல் சந்திக்குது. வெளிப்பக்கம் பல அடுக்கா தடிமனான தோல், உள்பக்கம் ஒரே ஒரு அடுக்கு மெல்லிசு தோல். சின்ன பொண்ணா இருக்கற வரைக்கும் அந்த மெல்லிசு உள்ளயேதான் இருக்கும். வயசுக்கு வர்ற சமயத்துல ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற கர்ப்பப்பை வாய் பெருசாகி உள்தோல் வெளிய பிதுங்குது, வெளிய இருக்கற அமிலத்தன்மை அதுக்கு ஒத்துக்காது, அதனால உடம்பே மெதுவா அந்த எடத்த தடிமன் தோலா மாத்த ஆரம்பிக்குது. இந்த மாற்றம் நடக்கற வளையத்தத்தான் நாங்க டிரான்ஸ்ஃபர்மேஷன் ஜோன்னு சொல்றோம். இது ஒரு நாள்ல முடியற வேலை இல்ல, வருசக்கணக்கா ஓடும், பதின்ம வயசுலதான் ரொம்ப மும்முரமா நடக்கும். கர்ப்பப்பை வாய் கேன்சர் கிட்டத்தட்ட எல்லாமே ஆரம்பிக்கறது அந்த வளையத்துலதான். வைரஸுக்கு அடி அடுக்கு செல்லுக்குள்ள போகணும், அங்க அது சுலபமா கெடைக்குது.

அதனாலதான் எங்க லேப்புக்கு ஸ்லைடோட வர்ற ஃபார்ம்ல கல்யாண வயசுன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல 15, 16ன்னு எழுதி வர்றது இன்னும் நிக்கலைங்க, மலைமேல இருந்தும் வருது, டவுன்ல இருந்தும் வருது. சின்ன வயசு கல்யாணத்தால படிப்பு போச்சுன்னு எல்லாரும் பேசறாங்க, அந்த வளையம் பாதி வேலையில இருக்கறப்ப வைரஸ் உள்ள வந்தா என்ன ஆகும்ங்கறத யாரும் பேசறதில்ல. ஆராய்ச்சியில இது பழைய சேதி, மொத உறவு எவ்வளவு சின்ன வயசுலயோ, மொத பிரசவம் எவ்வளவு சீக்கிரமோ, அவ்வளவுக்கு ஆபத்து கூடுது. வர்ற வைரஸ் பெரும்பாலும் புருசன் கொண்டு வர்றதுதான், பொண்ணு நல்ல பொண்ணா கெட்ட பொண்ணாங்கறதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

வைரஸ் புகுந்த செல்லு எப்படி இருக்கும்னு கேட்டீங்கன்னா, பாப் ஸ்மியர், அதாவது கர்ப்பப்பை வாய்ல இருந்து சொரண்டி எடுத்த செல்லு, அந்த ஸ்லைடுக்கு சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்புல வெச்சா நல்ல செல்லெல்லாம் தட்டையா, சிலது ரோஸ், சிலது நீலப்பச்சை, நடுவுல சின்ன புள்ளியா நியூக்ளியஸ், பாக்கவே அழகா இருக்கும். ஹெச்பிவி பூந்த செல்லுல அந்த நியூக்ளியஸ் கருத்து, ஓரமெல்லாம் சுருங்கி உலர்திராட்சை மாதிரி ஆயிரும், அத சுத்தி யாரோ தொடச்சு விட்டாப்ல வெள்ளையா ஒரு வெத்தெடம். கொய்லோசைட்னு பேரு. இது தெரிஞ்சா ஒடனே கேன்சர்னு அர்த்தமில்ல, பத்து தொற்றுல ஒம்போது ஒண்ணு ரெண்டு வருசத்துல உடம்பே வெரட்டிரும். வெரட்ட முடியாம தங்கிப்போற அந்த ஒண்ணுதான் வில்லன், அதுவும் 15, 20 வருசம் எடுத்துக்கிட்டு மெதுவாத்தான் வேலை காட்டும். ஹெச்பிவியில 200க்கு மேல வகை இருக்கு, அதுல 16ம் 18ம் சேந்தே பத்துல ஏழு கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு காரணம். இத மொதல்ல புடிச்சது ஹரால்ட் ட்சுர் ஹௌசன்ங்கற ஜெர்மன்காரர், 1983, 84லயே காட்டிட்டாரு, நோபல் 2008லதான் குடுத்தாங்க. நம்ம நாட்டுல வருசத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் பொண்ணுங்களுக்கு மேல இந்த கேன்சர் வருது, 75 ஆயிரத்துக்கு மேல செத்துப்போறாங்க.

ஊசிக்குள்ள என்ன இருக்குன்னா வைரஸோட மேல் ஓடு மட்டும், ஈஸ்ட்ல வளத்து எடுத்த புரதம், உள்ள டிஎன்ஏ கெடையாது. பெருகவும் முடியாது, தொற்றவும் முடியாது, சினைப்பைக்கு போயி எதையும் பண்ணவும் முடியாது. வைரஸ் வர்றதுக்கு முன்னாடி போட்டாத்தான் பிரயோஜனம், ஏற்கெனவே வந்து ஒக்காந்தத இது வெரட்டாது. இன்னொரு விசயம், 9லருந்து 14 வயசுக்குள்ள போட்டா எதிர்ப்பு சக்தி பெரியவங்களுக்கு வர்றத விட நல்லா வருது, அதனாலதான் சின்னவங்களுக்கு டோஸ் கம்மி, 15க்கு மேல போனா கம்பெனி அட்டவணைப்படி மூணு.

இப்ப மாமியார் பேச்சுக்கு வர்றேன். அவங்கள திட்டாதீங்க, இதே பயம் ஜப்பான்லயே வந்துச்சு. 2013ல ஊசி போட்ட பொண்ணுங்களுக்கு ஒடம்பு வலி, நடக்க முடியல, தீட்டு சரியில்லன்னு டிவியில காட்டிக்காட்டி, கவர்மென்ட் ஊசிய சிபாரிசு பண்றதையே நிறுத்திருச்சு. 70 சதவீதம் போட்டுக்கிட்டிருந்த எடத்துல ஒரு சதவீதத்துக்கும் கீழ போச்சு. அப்பறம் நகோயா ஊர்ல போட்டவங்க போடாதவங்க ரெண்டு பேரையும் சேத்து கிட்டத்தட்ட 30 ஆயிரம் இளம்பொண்ணுங்ககிட்ட 24 அறிகுறிய பத்தி கேட்டாங்க, மாதவிடாய் கோளாறும் அதுல உண்டு. ஊசியால கூடுச்சுன்னு சொல்ற மாதிரி ஒண்ணுமே தேறல. அந்த வயசுல அந்த தொல்லையெல்லாம் ஊசி போட்டாலும் வரும் போடாட்டியும் வரும். 2022 ஏப்ரல்ல ஜப்பான் மறுபடி ஆரம்பிச்சிருச்சு, நடுவுல ஒம்போது வருசத்து பொண்ணுங்க பெரும்பாலும் ஊசி போடாமயே போயிட்டாங்க. சினைப்பை சீக்கிரமே ஓஞ்சுபோகுமாங்கறதுக்கு அமெரிக்காவுல சுமார் 2 லட்சம் பொண்ணுங்களோட ஆஸ்பத்திரி ரெக்கார்ட பாத்தாங்க, 2018ல வந்த ஆய்வு, ஊசியால அந்த ஆபத்து கூடல. நீங்க மாமியாருக்கு இதையும் சொல்லுங்க, வயசுக்கு வந்து மொத ரெண்டு வருசம் தீட்டு முன்ன பின்னதான் வரும், ரெண்டு மாசம் வராமயும் போகும், அது இயல்பு. ஊசி போட்ட மறுமாசம் தள்ளிப்போச்சுன்னா பழி ஊசி மேல விழுந்துரும்னு முன்கூட்டியே தெரிஞ்சு வெச்சுக்கிட்டா வீட்ல சண்டை வராது.

நம்ம நாட்டு கதையும் சொல்லணும், அத மறைச்சு பேசறது எனக்கு புடிக்காது. 2009, 10ல அப்ப ஆந்திராவுல இருந்த கம்மம், குஜராத்துல வடோதரா, ரெண்டு எடத்துலயும் ஒரு திட்டமா பொண்ணுங்களுக்கு போட்டாங்க. அதுல ஏழு பொண்ணுங்க செத்துப்போனாங்க. விசாரிச்சதுல பாம்பு கடி, தண்ணியில முழுகுனது, பூச்சி மருந்து, மலேரியான்னு காரணம் வந்துச்சு, ஊசியோட தொடர்பு தெரியல. ஆனா இன்னொரு தப்பு வெளிய வந்துச்சு, பழங்குடி ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கு அப்பா அம்மாவ கேக்காம வார்டன் கையெழுத்து போட்டு குடுத்திருக்காங்க. பார்லிமென்ட் கமிட்டியே 2013ல கடுமையா எழுதுச்சு. என்னப் பொறுத்தவரைக்கும் அந்த கோவம் நியாயமானது. ஏற்காட்டுல நாகலூர், வாழவந்தி பக்கம் மலையாளி பழங்குடி சனங்க பிள்ளைங்க உண்டு உறைவிடப் பள்ளியில தங்கித்தான் படிக்குது, அப்பா அம்மா காப்பித் தோட்டத்துல மொளகு பறிக்கப் போயிருப்பாங்க. அவங்கள தேடிப் போயி, ஒக்காந்து பேசி, அவங்க கையாலதான் கையெழுத்து வாங்கணும், "எல்லாம் நல்லதுக்குத்தான்"னு சொல்லிட்டு போற பழக்கம் இங்க ஆகாது. உங்ககிட்ட பேப்பர் வந்திருக்கு, கையெழுத்து கேக்கறாங்கன்னா அது தொந்தரவு இல்லம்மா, உங்க உரிமை.

அந்த கலாட்டாவுல ஒரு வேடிக்கையும் நடந்துச்சு. அதே சமயம் நம்ம நாட்டுல வேற ஒரு ஆராய்ச்சி, ரெண்டு டோஸ் போதுமா மூணு வேணுமான்னு பாக்க 2009ல ஆரம்பிச்சாங்க, திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையும் அதுல ஒரு சென்டர். கம்மம் விசயத்தால 2010 ஏப்ரல்ல எல்லா ஊசியையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க. அதனால சுமார் 5 ஆயிரம் பொண்ணுங்க ஒரே ஒரு டோஸோட நின்னுபோனாங்க, யாரும் திட்டம் போட்டு செய்யாத ஒரு ஆராய்ச்சி தானா அமைஞ்சிருச்சு. விடாம வருசக்கணக்கா அவங்கள தொடந்து பாத்து 2021ல வெளியிட்டாங்க. 16, 18 தங்கிப்போற தொற்ற தடுக்கறதுல ஒரு டோஸே 95 சதவீதம் கிட்ட வேலை செஞ்சிருக்கு, ரெண்டு மூணு போட்டவங்களுக்கும் ஏறக்குறைய அதேதான். 2022 டிசம்பர்ல ஒலக சுகாதார நிறுவனம் 9லருந்து 20 வயசு வரைக்கும் ஒரு டோஸும் போதும்னு ஏத்துக்கிட்டதுல இந்த நம்ம ஊர் பொண்ணுங்க தரவுக்கு பெரிய பங்கு உண்டு. திண்டுக்கல்காரங்களுக்கே இது தெரியாது.

தொற்ற தடுக்கறது சரி, கேன்சர தடுக்குதான்னு கேப்பீங்க. ஸ்வீடன்ல 17 வயசுக்கு முன்னாடி போட்டவங்களுக்கு கர்ப்பப்பை வாய் கேன்சர் 88 சதவீதம் கம்மி, 2020ல வந்தது. இங்கிலாந்துல 12, 13 வயசுல போட்டவங்களுக்கு 87. ஸ்காட்லாந்துல 12, 13ல முழுசா போட்டவங்கள்ல ஒருத்தருக்குகூட வரலன்னு 2024ல எழுதினாங்க. உங்க பொண்ணு வயசேதான்.

செலவு பத்தி. புனே சீரம் கம்பெனியோட செர்வாவேக் 2022ல அனுமதி வாங்குச்சு, 6, 11, 16, 18 நாலு வகைக்கும், வெளிய ஒரு டோஸ் சுமார் 2000 ரூபாய். கார்டசில் 9ங்கறது ஒம்போது வகைக்கு, அது பத்தாயிரத்த ஒட்டி வரும். பணத்துக்காக தள்ளிப்போடறத விட செர்வாவேக் போட்டு முடிக்கறது மேல்னுதான் நான் சொல்லுவேன். தமிழ்நாடு 2025 பட்ஜெட்ல 14 வயசு பொண்ணுங்களுக்கு இலவசமா போட 36 கோடி ஒதுக்குனாங்க, உங்க ஸ்கூல் பேப்பர்ல எந்த ஊசி, இலவசமா காசான்னு கேட்டுக்கங்க. போடற அன்னிக்கு வெறும் வயித்துல அனுப்பாதீங்க, போட்டதும் கால் மணி நேரம் ஒக்கார வெக்கணும், இந்த வயசு பிள்ளைங்க எந்த ஊசிக்கும் மயக்கம் போடும், ஒண்ண பாத்து இன்னொண்ணு போடும், அதுல கீழ விழுந்து தலையில அடிபடறதுதான் நெசமான ஆபத்து. கை வலிக்கும், லேசா காய்ச்சல் அடிக்கும். ஈஸ்ட்டுக்கு கடுமையான அலர்ஜி இருக்கறவங்களுக்கு வேண்டாம். தீட்டு நாள்ல இருந்தாலும் போடலாம்.

அடுத்தது ஒசரம். இதுல கிருமிய விட கணக்கு முக்கியம். பொண்ணுங்க வேகமா வளர்றது வயசுக்கு வர்றதுக்கு முன்னாடிதான், வந்ததுக்கப்பறம் பொதுவா 5லருந்து 7 செ.மீ. வரைக்கும்தான் கூடும். அப்பா அம்மா ஒசரத்த கூட்டி, அதுல 13 கழிச்சு, ரெண்டால வகுத்தா பொண்ணுக்கு எதிர்பாக்கற ஒசரம். 162ம் 150ம் 312, பதிமூணு போனா 299, பாதி 149 அர. உங்க பொண்ணு இப்பவே 146, இன்னும் கொஞ்சம் வளரவும் பாக்கி இருக்கு. அவ குள்ளமில்லம்மா, உங்க வீட்டுப் பொண்ணு.

ஹெச் பைலோரி நெசமாவே வயித்து கேன்சருக்கு காரணம்தான், பாரி மார்ஷல் 1984ல அந்த கிருமியவே வளத்து குடிச்சு வயித்து அழற்சி வரவெச்சு காட்டினாரு, 2005ல ராபின் வாரனோட சேத்து நோபல் குடுத்தாங்க. ஆனா நம்ம நாட்டுல பாதிப்பேருக்கு மேல வயித்துல அது சும்மா கெடக்கு, பெரும்பாலானவங்களுக்கு கேன்சர் வர்றதே இல்ல. வளர்ச்சிக்கும் அதுக்கும் தொடர்புன்னு கொலம்பியாவுல செஞ்ச ஆய்வுலயெல்லாம் வந்திருக்கு, கிருமி இருக்கற பிள்ளைங்க கொஞ்சம் மெதுவா வளருதுன்னு. பிரச்சனை என்னன்னா வறுமை, நெருக்கடியான வீடு, சுத்தமில்லாத தண்ணி இருக்கற எடத்துலதான் அந்த கிருமியும் இருக்கு, வளர்ச்சி கொறையறதும் அங்கதான், எது எதால வந்துச்சுன்னு பிரிக்கறது லேசில்ல. அதனாலதான் ஐரோப்பிய, அமெரிக்க கொழந்தை குடல் டாக்டர்கள் சேந்து போட்ட வழிமுறையில குள்ளமா இருக்கறதுக்காக ஹெச் பைலோரி டெஸ்டே பண்ணாதீங்கன்னு எழுதி வெச்சிருக்காங்க. அதுலயும் ரத்தத்துல ஆன்டிபாடி பாக்கறத நம்பவே கூடாது, என்னிக்கோ வந்துட்டு போனதுக்கும் பாசிட்டிவ் காட்டும். ஒரு லேப்காரியா இத சொல்ல எனக்கு சங்கடமாத்தான் இருக்கு, பேக்கேஜ்ல கூட ஒரு டெஸ்ட் சேத்துனா பில்லு ஏறும், அவ்வளவுதான் அதோட பலன். ஜப்பான்ல சாகா மாகாணத்துல 2016லருந்து 14, 15 வயசு ஸ்கூல் பிள்ளைங்களுக்கு டெஸ்ட் பாத்து மருந்து குடுக்கறாங்க, அங்க வயித்து கேன்சர் ரொம்ப ஜாஸ்தி, அவங்க கணக்கு வேற. நம்ம பிள்ளைக்கு மேல் வயித்து வலி ராத்திரியில எழுப்பற மாதிரி இருந்தாலோ, கறுப்பா மலம் போனாலோ, வாந்தியில ரத்தம் வந்தாலோ கொழந்தை டாக்டர பாருங்க, தேவைப்பட்டா எண்டோஸ்கோப்பி பண்ணுவாங்க. சும்மா ரெண்டு ஆன்டிபயாட்டிக் ஒரு அசிட் மாத்திரைன்னு பதினாலு நாள் கோர்ஸ் மெடிக்கல்ல கேட்டு வாங்கி குடுத்துராதீங்க. அதுக்கு பதிலா ஹீமோகுளோபின் பாருங்க, தீட்டு ஆரம்பிச்ச பொண்ணு, ஸ்கூல்ல வாராவாரம் குடுக்கற நீல கலர் இரும்பு மாத்திரைய முழுங்குறாளா ஜன்னல் வழியா வீசுறாளான்னு கேளுங்க. மாத்திரை ஒழுங்கா சாப்ட்டும் ரத்தம் ஏறலன்னா அப்ப பைலோரிய பத்தி யோசிக்கலாம்.

கடைசியா நீங்க கேக்காத ஒண்ணு. உங்களுக்கு முப்பது தாண்டியிருக்கும், ஊசி வயசு போயிருச்சு, டெஸ்ட் வயசு இது. ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் ஜிஹெச்லயும் கர்ப்பப்பை வாய்ல வினிகர்ல இருக்கற அதே அசிட்டிக் அமிலத்த தடவி ஒரு நிமிசம் பொறுத்து பாப்பாங்க, கெட்ட எடம் இருந்தா வெள்ளையா தெரியும், காசு இல்ல, வலி இல்ல. அதே திண்டுக்கல் மாவட்டத்துல இத ஒரே ஒரு தடவ செஞ்சதுக்கே இந்த கேன்சர் சாவு 35 சதவீதம் கொறஞ்சதுன்னு 2007லயே நிரூபிச்சாச்சு, அப்பறமும் 2019-21 சர்வேப்படி தமிழ்நாட்டுல 30லருந்து 49 வயசு பொம்பளைங்கள்ல பத்துல ஒருத்தர் அளவுக்குத்தான் பண்ணியிருக்காங்க. மாமியாருக்கு தீட்டு நின்னதுக்கப்பறம் எப்பயாச்சும் ரத்தம் பட்டுச்சான்னு கேளுங்க, பட்டிருந்தா அவங்கள இந்த வாரமே கூட்டிட்டு போங்க, ஊசி பஞ்சாயத்த அப்பறம் வெச்சுக்கலாம்.